எழுதிப் படிப்பதா, மனப்பாடமா, குறிப்பா: மூன்று மேடைகளுக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அடுத்த இரண்டு மாதங்களில் சென்னையில் மூன்று மேடைகளில் ஏற வேண்டியிருக்கிறது: அலுவலக ஆண்டு விழாவில் நன்றியுரை, நண்பரின் சிறுகதைத் தொகுப்பு வெளியீட்டில் நூல் அறிமுகம், குடியிருப்போர் சங்கத்தின் பொங்கல் விழாவில் பட்டிமன்றம். மூன்றையும் எழுதி மனப்பாடம் செய்துவிடலாமா, தாளைப் பார்த்துப் படித்தால் மரியாதைக் குறைவாகுமா, கை நடுக்கத்துக்கு என்ன செய்வது என்கிறீர்கள். இந்த மூன்று கேள்விகளுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது: பேச எழுந்து நிற்கும்போது கையில் எதை வைத்திருக்க வேண்டும், நினைவில் எதை வைத்திருக்க வேண்டும், எதை அந்த நேரத்துக்கு விட்டுவிட வேண்டும் என்பது. சென்னைக் கல்லூரி ஒன்றில் 26 ஆண்டுகள் தமிழ் கற்பித்தேன். அதில் பெரும்பகுதி மாணவர்களைப் பேச்சுப் போட்டிகளுக்குத் தயார் செய்வதிலும் விழாக்களைத் தொகுத்து வழங்குவதிலும் கழிந்தது. அந்தப் பழக்கத்திலிருந்தே சொல்கிறேன். நீதிமன்ற வாதமும் இணையவழிக் கூட்டமும் எனக்குப் பழக்கமில்லாதவை என்பதால் நான் சொல்வதை அவற்றுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

பேசும் முறைகள் நான்கு என்று பாடநூல்கள் வகுக்கின்றன: முழுவதையும் எழுதிப் படிப்பது, எழுதியதை மனப்பாடமாக ஒப்பிப்பது, குறிப்புகளை வைத்துக்கொண்டு பேசுவது, முன்தயாரிப்பு இல்லாமல் அழைத்தவுடன் எழுந்து பேசுவது. உரைகளின் வகைகளோ நம் ஊர் அழைப்பிதழிலேயே அச்சாகிவிடுகின்றன: வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை. கிறிஸ்து பிறப்பதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த அரிஸ்டாட்டில், பேச்சை மூன்றாகப் பிரித்தபோது பேசுபவரை வைத்துப் பிரிக்கவில்லை, கேட்பவரை வைத்துப் பிரித்தார். நடந்ததைப் பற்றித் தீர்ப்புச் சொல்பவருக்கு ஒன்று, இனி என்ன செய்வது என்று முடிவெடுப்பவருக்கு ஒன்று, வெறும் பார்வையாளராக வந்து ஒருவரின் பெருமையைக் கேட்பவருக்கு ஒன்று. உங்கள் மூன்று மேடைகளுக்கும் இதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள். நன்றியுரை கேட்பவர் தன் பெயர் வருகிறதா என்று காத்திருப்பவர். நூல் அறிமுகம் கேட்பவர் அந்த நூலை வாங்கலாமா என்று யோசிப்பவர். பட்டிமன்றம் கேட்பவர் இரண்டு கட்சியில் எது வெல்கிறது என்று பார்ப்பவர். மூவரும் வெவ்வேறு மனிதர்கள் என்பதால் மூன்றுக்கும் ஒரே தயாரிப்பு பொருந்தாது.

ஆனால் அதற்கு முன், தமிழில் பேசுபவர் எதிர்கொள்ளும் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட பயிற்சி நூல்களில் இதை அதிகம் காண முடியாது. நாம் தாளில் எழுதும் தமிழும் வாயால் பேசும் தமிழும் வேறு வேறு. பேனாவை எடுத்தவுடன் நம் வாக்கியம் நீளத் தொடங்குகிறது. எச்சத்துக்கு மேல் எச்சம் அடுக்கி, வினைமுற்றைக் கடைசியில் கொண்டுபோய் வைக்கிறோம். கண்ணால் படிப்பவருக்கு அதில் தொல்லை இல்லை, வேண்டுமானால் திரும்பிப் பார்த்துக்கொள்வார். காதால் கேட்பவர் யார், என்ன, எதற்கு என்று தெரியாமல் கடைசிச் சொல் வரும்வரை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். “கடந்த ஆண்டு அக்டோபர் மாதத்தில் தொடங்கப்பட்டு, பல்வேறு இடையூறுகளுக்கு இடையிலும் தொய்வின்றி நடத்தப்பட்டு, இன்று வெற்றிகரமாக நிறைவு பெற்றிருக்கும் இத்திட்டத்துக்குத் தோள் கொடுத்த கணக்குப் பிரிவு நண்பர்களுக்கு நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்” என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதையே ஒருவரிடம் நேரில் சொன்னால் எப்படிச் சொல்வீர்கள்? “கணக்குப் பிரிவு நண்பர்களுக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். போன அக்டோபரில் இந்தத் திட்டம் தொடங்கியது. நடுவில் இரண்டு முறை நின்றுபோனது. இரண்டு முறையும் தூக்கி நிறுத்தியவர்கள் இவர்கள்தான்.” இலக்கணப்பிழை இரண்டிலும் இல்லை. இரண்டாவதைக் கேட்டால் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். எனவே என் மாணவர்களுக்கு நான் வைத்த விதி ஒன்றுதான்: முதலில் வாயால் பேசு, கைபேசியில் பதிவு செய், கேள், பிறகு வேண்டுமானால் எழுது. எழுதிவிட்டுப் பேசிப் பழகியவர்களில் பெரும்பாலோர் மேடையில் கட்டுரை படித்தார்கள்.

இதை ஒட்டியே, செந்தமிழில் பேசுவதா பேச்சுத் தமிழில் பேசுவதா என்ற கேள்வியும் எழும். தமிழில் இன்றைய மேடைச் சொற்பொழிவு அவ்வளவு பழைய கலை இல்லை. கோயிலில் புராணம் படித்துப் பொருள் சொல்வதும் கதாகாலட்சேபமும் முன்பே இருந்தன. ஊர்க்கூட்டத்தின் முன் நின்று ஒரு பொருளை எடுத்துக்கொண்டு உரைநடையில் தொடர்ந்து பேசும் வழக்கம் கிறித்தவப் பிரசங்கத்தின் வழியாக வலுப்பெற்றது. மெதடிஸ்ட் பள்ளியில் பயின்று, பைபிள் மொழிபெயர்ப்பிலும் உதவிய ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கியது இந்த வரலாற்றில் ஒரு முக்கிய நாள். இருபதாம் நூற்றாண்டில் அது சென்னையின் மைதானங்களுக்கும் தெருமுனைகளுக்கும் வந்தபோது இரண்டு பெரும் நடைகளாகப் பிரிந்தது. அண்ணா அடுக்குமொழியும் எதுகை மோனையும் கொண்ட செந்தமிழில் பேசினார். பெரியார், 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில் ஆற்றிய கடைசி உரை வரை, வீட்டுத் திண்ணையில் பேசுவது போன்ற நடையை விடவில்லை. இரண்டுக்கும் கூட்டம் மணிக்கணக்கில் நின்று கேட்டது. எனவே ஒரு நடை உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று சொல்ல இடமில்லை. உங்களுக்கு என் யோசனை: வணக்கத்தையும் முடிவுரையையும் பொதுவான எழுத்துத் தமிழில் வையுங்கள், நடுவில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லும்போதும் ஒருவரின் பேச்சை அப்படியே எடுத்துச் சொல்லும்போதும் பேச்சுத் தமிழுக்கு இறங்கி வாருங்கள். தொடக்கநிலையில் இருப்பவர் முழு அடுக்குமொழியில் பேச முயல்வதை நான் ஊக்குவிப்பதில்லை, ஏனென்றால் அடுத்த மோனையைத் தேடும் மனம் அடுத்த கருத்தைத் தவறவிடுகிறது.

இனி மனப்பாடம். இதற்கு எதிராகப் பேசும் உரிமை எனக்கு உண்டு, ஏனெனில் பல ஆண்டுகள் நானே மாணவர்களை அப்படித்தான் தயார் செய்தேன். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி ஒன்றில் என் மாணவி ஒருத்தி ஐந்து நிமிட உரையை ஒரு சொல் பிசகாமல் மனப்பாடம் செய்து வந்திருந்தாள். நான்காவது நிமிடத்தில் எச்சரிக்கை மணி அடித்தது. அந்த ஓசையில் “ஆகவே” என்ற சொல்லோடு நின்றுவிட்டாள். மறுபடி “ஆகவே” என்றாள். அவள் கண்கள் மேலே போயின. தாளில் அந்த வரி எந்தப் பக்கத்தில், எந்த மூலையில் இருந்தது என்று தேடுகிறாள் என்பது எனக்குப் புரிந்தது. பொருள் அவளுக்கு நன்றாகத் தெரியும்; அன்று மாலை கேன்டீனில் உட்கார்ந்து அதையே பத்து நிமிடம் என்னிடம் தடையில்லாமல் பேசினாள். தவறு அவளுடையதன்று, என் பயிற்சியினுடையது. சொற்களைச் சங்கிலியாகக் கோத்துக் கொடுத்திருந்தேன். ஒரு கண்ணி அறுந்ததும் மொத்தமும் விழுந்தது. அதற்குப் பிறகு யாரையும் தொடக்கத்திலிருந்து மட்டும் பழக விட்டதில்லை. மூன்றாவது கருத்திலிருந்து தொடங்கு, இப்போது முடிவுரையிலிருந்து பின்னோக்கி வா என்று மாற்றி மாற்றிக் கேட்பேன். மனப்பாடமாக இருக்க வேண்டியவை மூன்றே: முதல் இரண்டு வாக்கியங்கள், கடைசி வாக்கியம், மேற்கோள் காட்டும் பாடல். மற்றவை பொருளாக நினைவில் இருந்தால் போதும்.

எழுதிப் படிப்பது மரியாதைக் குறைவு இல்லை. ஒரு சொல் பிசகினால் பிறருக்குத் தீங்கு வரும் இடங்களில் படிப்பதுதான் மரியாதை. நிதிநிலை அறிக்கையும் தீர்மானமும் விருதுக்கான தகுதியுரையும் படிக்கப்பட வேண்டியவை. 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் அரசியல் நிர்ணய சபையில் நேரு ஆற்றிய உரை எழுதித் தயாரிக்கப்பட்டது. 1948 ஜனவரி 30 இரவு, காந்தி சுடப்பட்ட செய்தியை வானொலியில் சொன்னபோது முன்னால் எழுதி வைக்க அவருக்கு நேரம் இல்லை. இரண்டும் இன்றுவரை நினைக்கப்படுகின்றன. மாறாக, எழுதி வைத்ததெல்லாம் பயன்படாமல் போகும் வேளையும் வரும். 1897 பிப்ரவரியில் விவேகானந்தருக்குச் சென்னை விக்டோரியா மண்டபத்தில் வரவேற்பு ஏற்பாடாகியிருந்தது. உள்ளே இடம் கிடைக்காத பெருங்கூட்டம் வெளியே நின்று அழைக்க, அவர் வெளியே வந்து ஒரு குதிரை வண்டியின் மேலிருந்து பேச வேண்டியதாயிற்று. கீதையைப் போலத் தேரிலிருந்து பேச நேர்ந்திருக்கிறது என்று தொடங்கி, இரைச்சலில் குரல் எடுபடாததால் சுருக்கமாக முடித்துக்கொண்டார். விரிவான உரைகளை அடுத்த நாட்களில் நிதானமாக நிகழ்த்தினார். சூழல் இடம் கொடுக்காதபோது சுருக்கிக்கொள்வது எப்படி என்பதை அவரிடம் கற்கலாம்.

உங்கள் நன்றியுரைக்கு வருகிறேன். விழா முடியும் தறுவாயில், பாதிப் பேர் எழுந்து நிற்கும்போது வருவது அது. மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். இதில் பெயர்களைக் கட்டாயம் தாளில் எழுதி வைத்துப் படியுங்கள். பெயர்களை நினைவிலிருந்து சொல்ல முயன்று ஒருவரை விட்டுவிட்டால் அந்த மனக்குறை அந்த மாலையோடு போவதில்லை. பெயரோடு முதலெழுத்தையும் பொறுப்பையும் நிகழ்ச்சி தொடங்கும் முன் உரியவரிடமே கேட்டுச் சரிபாருங்கள். ஒரு முறை, அழைப்பிதழில் அச்சாகியிருந்த விருந்தினருக்குப் பதிலாக வேறொருவர் வந்திருந்ததை அறியாமல், வராதவரின் பெயரைச் சொல்லி நான் நன்றி கூறிவிட்டேன். மேடையில் இருந்தவர் தலை குனிந்துகொண்டதை இன்னும் மறக்க முடியவில்லை. ஒலிபெருக்கி வைத்தவர், நாற்காலி போட்டவர், தேநீர் கொண்டுவந்தவர் ஆகியோரை “மற்றும் பலர்” என்பதில் அடக்கிவிடாமல் தனியாகச் சொல்லுங்கள்.

நூல் அறிமுகம் உங்கள் மூன்றில் கடினமானது, ஆகவே அதிக உழைப்பைக் கேட்பது. தேவநேயப் பாவாணர் நூலக அரங்கம் போன்ற இடங்களில் மாலை 6 மணி என்று போட்ட கூட்டம் சற்றுத் தாமதமாகவே தொடங்கும், வாழ்த்துரைகள் நீளும், உங்கள் முறை வரும்போது 20 நிமிடம் என்றது 10 ஆகியிருக்கும். அதனால் உரையை எழுதி எடுத்துச் செல்லாமல், தனித்தனியே கழற்றி எடுக்கக்கூடிய நான்கு பகுதிகளாகக் குறிப்பெடுத்துச் செல்லுங்கள்; நேரம் குறைந்தால் இரண்டை எடுத்துவிடலாம். கதைகளைச் சுருக்கிச் சொல்லவே வேண்டாம். பத்துக் கதைகளின் சுருக்கத்தையும் கேட்டவர் நூலை வாங்க மாட்டார். இரண்டு கதைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒன்றில் ஒரு பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்தில் முன்கூட்டியே சீட்டு வைத்து, தொடக்கத்தையும் முடிவையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், மேடையில் பக்கம் புரட்டித் தேடும் அரை நிமிடம் மிக நீண்டது. மேடையில் இருப்போர் ஒவ்வொருவரையும் “அவர்களே, அவர்களே” என்று அடைமொழியோடு விளிக்கும் வழக்கத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். எட்டுப் பேருக்கு ஒன்றரை நிமிடம் போகிறது. தலைமை ஏற்றவரையும் நூலாசிரியரையும் பெயர் சொல்லி விளித்து, மற்ற அனைவருக்கும் ஒரே வணக்கம் சொல்வது போதும் என்பது என் கருத்து. மூத்தோர் சிலர் இதை ஏற்பதில்லை, அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

நேரக் கணக்கில் ஒரு எச்சரிக்கை: நிமிடத்துக்கு 130 முதல் 150 சொற்கள் என்று பயிற்சி நூல்களில் காணும் எண் ஆங்கிலத்துக்கு உரியது. தமிழில் வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஒவ்வொரு சொல்லும் நீளம். என் மாணவர்களின் பதிவுகளை எண்ணிப் பார்த்த அளவில் நிதானமான மேடைப்பேச்சு 80 முதல் 100 சொற்களுக்குள் அமைகிறது. இது என் வகுப்பறைக் கணக்கு. உங்கள் வேகத்தை நீங்களே பதிவு செய்து எண்ணிக்கொள்ளுங்கள்.

பட்டிமன்றத்தின் பெயர் மிகப் பழையது. மணிமேகலையில் சமயவாதிகளைப் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறச் சொல்லும் வரி இருக்கிறது. இன்று நாம் காணும் நடுவரும் இரண்டு அணியும் கொண்ட வடிவத்தைப் பரப்பியதில் கம்பன் கழக மேடைகளுக்கும் குன்றக்குடி அடிகளாருக்கும் பெரும் பங்கு உண்டு. இங்கே முழு உரையை எழுதிவந்தவர் தோற்றுப்போகிறார், ஏனென்றால் அவருக்கு முன் பேசிய எதிரணியினர் சொன்னதற்கு அவர் தாளில் பதில் இருக்காது. உங்கள் தரப்புக்கு நான்கு காரணங்களைத் தயார் செய்யுங்கள். எதிர்த்தரப்பு சொல்லக்கூடிய நான்கையும் அதே அக்கறையோடு தயார் செய்யுங்கள். மேடையில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு, எதிரணிப் பேச்சாளர் சொன்ன ஒரு வாக்கியத்தை அவர் சொற்களிலேயே குறித்து, அதிலிருந்து தொடங்குங்கள். அப்படித் தொடங்கியவுடன் கூட்டம் உங்கள் பக்கம் திரும்புவதைக் காண்பீர்கள். மாமியார், மருமகள், மனைவி என்று வீட்டுப் பெண்களை வைத்துச் சிரிக்கவைக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்வரிசையில் அமர்ந்து கேட்பவர்கள் உங்கள் அண்டை வீட்டார், நாளை காலை மின்தூக்கியில் அவர்களைப் பார்க்க வேண்டும்.

குடியிருப்பின் நடுமுற்றத்தில் பேசப்போவதால் ஒலிபெருக்கி பற்றியும் சொல்லிவிடுகிறேன். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். ‘ப’ வரும்போதெல்லாம் காற்று மோதி வெடிப்பது குறையும். கையில் பிடிக்கும் மைக்கை ஒலிபெருக்கிப் பெட்டியின் பக்கம் திருப்பினால் கீச்சிடும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்கிறது. 100 மீட்டர் தள்ளிக் கட்டிய குழாய் ஒலிபெருக்கியிலிருந்து உங்கள் சொல் கால் நொடிக்கு மேல் தாமதமாக வந்து சேரும், நான்கு பக்கச் சுவரிலும் பட்டு மறுபடி வரும். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் ஒரு மூச்சு நிறுத்தினால் அந்த எதிரொலி அடங்கும். பழைய பொதுக்கூட்டப் பேச்சாளர்கள் அவ்வளவு நிறுத்திப் பேசியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம் மட்டுமே.

நடுக்கம் பற்றி. உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை: அட்ரினலின் சுரப்பதால் நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, விரல் நடுங்குகிறது, இது பேசத் தொடங்கும் கணத்தை ஒட்டி உச்சத்தில் இருந்து, பேசப் பேசப் பெரும்பாலோருக்குக் குறைகிறது. முதல் இரண்டு வாக்கியங்களை மனப்பாடமாக வைக்கச் சொன்னது இதற்காகத்தான். கற்கண்டும் மிளகும் குரலைத் திறக்கும் என்பார்கள். விழுங்குவது உணவுக்குழாய்க்குப் போகிறதே தவிரக் குரல்நாண்களைத் தொடுவதில்லை, ஆனால் எதையாவது சப்பினால் உமிழ்நீர் ஊறும், உலர்ந்த வாய்க்கு அது உதவும். பேச்சில் சொற்களுக்கு 7 சதவீதமே மதிப்பு, மீதி குரலும் உடல்மொழியும் என்று பயிலரங்குகளில் அடிக்கடி சொல்கிறார்கள். அது ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து பிடுங்கி எடுக்கப்பட்ட எண். ஒற்றைச் சொல்லை வைத்து விருப்பு வெறுப்பைக் கண்டறியும் சோதனை அது, சொற்பொழிவுக்குப் பொருந்தாது. அதை நம்பிக் கையசைவைப் பழகுவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். திருக்குறளில் அவையஞ்சாமை 73ஆம் அதிகாரம், அதற்கு முந்தையது அவையறிதல். அந்த வரிசையை நான் பயிற்சியில் அப்படியே பின்பற்றினேன். கூட்டம் தொடங்க அரை மணி நேரம் முன்பே போய் முன்வரிசையில் நான்கு பேரிடம் பேசிவிட்டால், மேடையிலிருந்து பார்க்கும்போது அது முகம் தெரியாத கூட்டமாக இருக்காது. திக்குவாய்க்கோ, அழைப்பு வந்தாலே விடுப்பு எடுக்கும் அளவுக்கு மிகுந்த அச்சத்துக்கோ நான் சொல்லும் எதுவும் போதாது. முன்னதற்குப் பேச்சுப் பயிற்சி மருத்துவரையும் பின்னதற்கு மனநல மருத்துவரையும் பாருங்கள்.

கடைசியாக, நடுங்கும் கையில் எதைப் பிடிப்பது என்றீர்கள். ஏ4 தாள் வேண்டாம். மெல்லிய தாள் சிறு நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும், மைக்குக்கு அருகில் சலசலக்கும். அஞ்சலட்டை அளவில் கெட்டியான அட்டைகள் நான்கை வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும், ஒரு அட்டைக்கு ஐந்து வரிக்கு மேல் போகாமல், கை நீட்டும் தூரத்தில் படிக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதுங்கள். மூலையில் 1, 2, 3, 4 என்று எண் போடுங்கள்; கீழே விழுந்தால் அடுக்க உதவும். பிணைக்க வேண்டாம், முடிந்ததை அடியில் தள்ளிக்கொண்டே போகலாம். கைபேசியில் பார்த்துப் பேசும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். திரை அணைந்துபோகும், நடுவில் அழைப்பு வரும்.